கணக்கு கேட்ட கௌபாய்

கௌபாய் படத்தில் ஹீரோ கூலி வாங்கி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. 1952ல் வந்த ‘ஹை நூன்’. ஊரே கதவைச் சாத்திக்கொண்டுவிட, கேரி கூப்பர் கிட்டத்தட்ட தனி ஆளாக நின்று துப்பாக்கிக்காரர்களைச் சமாளிப்பார். எல்லாம் முடிந்ததும் நெஞ்சில் குத்தியிருந்த நட்சத்திரத்தைக் கழற்றிப் புழுதியில் எறிந்துவிட்டு வண்டி ஏறிப் போய்விடுவார். அடுத்த வருடம் ‘ஷேன்’. ஆலன் லாட் வருவார், கெட்டவர்களைச் சுடுவார், ஒரு சின்னப் பையன் பின்னால் நின்று கூப்பிடக் கூப்பிடக் குதிரையில் போய்க்கொண்டே இருப்பார். இரண்டு பேரும் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கியதாகக் காட்சி கிடையாது.

இத்தாலிக்காரர்கள் எடுத்த படங்களில் க்ளின்ட் ஈஸ்ட்வுட் டாலரை எண்ணி எண்ணி வாங்குவாரே என்று யாராவது கடிதம் போடுவீர்கள். வாஸ்தவம். ஆனால் அவையெல்லாம் 1964லிருந்து வந்த சமாசாரம். அந்தப் படங்களில் ‘நல்லவன்’ என்ற பட்டமே ஒரு கிண்டல்.

அசல் கௌபாய் ஹீரோ காசைத் தொடமாட்டான். நமக்கு அது ரொம்பப் பிடிக்கும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், கதாபாத்திரத்தோடு நாம் அதை நிறுத்திக்கொள்வதில்லை. அந்த வேஷத்தைக் கட்டிய ஆசாமியிடமும் அதே குணத்தை எதிர்பார்க்கிறோம். நடி, சுடு, விழு, எலும்பை முறித்துக்கொள், சிரி, போ. பணம் பற்றிப் பேசாதே. பேசினால் முகத்தைச் சுளிப்போம். “இவ்வளவு சம்பாதித்தும் பார் இந்த ஆளுக்கு ஆசை.”

இந்த வாரம் என் வயிற்றெரிச்சல் இதுதான். சொல்வதற்கு எனக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறார். ஜேம்ஸ் கார்னர்.

பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் விழிப்பீர்கள். முகத்தைப் பார்த்தால் தெரியும். 1963ல் வந்த ‘தி கிரேட் எஸ்கேப்’ படத்தில், சிறை முகாமில் கேட்டதையெல்லாம் எங்கிருந்தாவது தேற்றிக் கொண்டுவந்து கொடுப்பாரே, அவர். 2004ல் வந்த ‘தி நோட்புக்’ படத்தில், எல்லாவற்றையும் மறந்துவிட்ட மனைவிக்கு நோட்டுப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவாரே ஒரு கிழவர், அவரும் இவர்தான். நடுவில் நாற்பது வருடம். ஆனால் அமெரிக்காவில் அவரை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது இரண்டு டி.வி. தொடர்கள். ஒன்று ‘மேவரிக்’, இன்னொன்று ‘தி ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்’.

2014 ஜூலை 19 அன்று 86 வயதில் இறந்தார். நான் படித்த அஞ்சலிகளிலெல்லாம் அவருடைய வசீகரம் வந்தது, சிரிப்பு வந்தது, எதையும் லேசாக எடுத்துக்கொள்ளும் சுபாவம் வந்தது. வழக்கு விவகாரங்களுக்கு நடுவில் ஒன்றிரண்டு பத்தி. நான் அந்தத் தாளைத் திருப்பிப் போடச் சொல்கிறேன். சிரிப்புக்கு இரண்டு பத்தி போதும். மிச்சமெல்லாம் வழக்காக இருக்க வேண்டும். இந்த மனிதர் வாழ்க்கையில் செய்த மிகத் துணிச்சலான இரண்டு காரியங்களும் கேமரா இல்லாத இடத்தில், வக்கீல் ஆபீஸில் நடந்தவை.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். ஜேம்ஸ் பம்கார்னர். 1928ல் ஒக்லஹோமா மாநிலத்து நார்மன் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். வந்த சித்தி அடிக்கிற சித்தி. பதினாறு வயதில் சரக்குக் கப்பல் வேலைக்கு ஓடியவர். கொரியப் போரில் இரண்டு முறை காயம்பட்டார். காயத்துக்குத் தருகிற பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தில் இரண்டாவது, முப்பது வருடம் கழித்து 1983ல்தான் வந்து சேர்ந்தது. ஊர் திரும்பி லாஸ் ஏஞ்சல்ஸில் அப்பாவோடு சேர்ந்து வீடுகளுக்குக் கார்ப்பெட் விரிக்கிற வேலை பார்த்தார். 1954ல் ஒரு பிராட்வே நாடகத்தில் வாய்ப்பு. வசனமே கிடையாது. ராணுவ நீதிமன்றத்தில் நீதிபதிகளில் ஒருவராக மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தினம் ராத்திரி ஹென்றி ஃபோண்டா நடிப்பதை அந்த நாற்காலியிலிருந்து பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டார்.

அப்புறம் வார்னர் பிரதர்ஸ் கான்ட்ராக்ட். கம்பெனி முதல் வேலையாகப் பெயரில் இருந்த ‘பம்’மை வெட்டி எறிந்தது. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கான்ட்ராக்ட் என்றால் என்ன என்பது அங்கேயே அவருக்குக் கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும்.

1957 செப்டம்பரில் ஏபிசி சானலில் ‘மேவரிக்’ ஆரம்பித்தது. அந்தக் காலத்து அமெரிக்க டி.வி.யில் எந்தப் பக்கம் திரும்பினாலும் குதிரைதான். எல்லாக் குதிரையிலும் ஒரு வீரன் விறைப்பாக உட்கார்ந்திருப்பான். நடுவில் இவர் மட்டும் சீட்டாட்டக்காரனாக வந்தார். சண்டை என்றால் பின்வாசல் எங்கே என்று தேடுகிற ஹீரோ. கோட்டுக்குள் ஆத்திர அவசரத்துக்கு ஒரு ஆயிரம் டாலர் நோட்டைக் குத்தி வைத்திருப்பான். ஊரைக் காப்பாற்றும் ஆசையெல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எட் சல்லிவன் ஷோ என்ற மலையை எதிர்த்துப் போட்டார்கள். ஜனங்கள் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். 1959ல் சிறந்த வெஸ்டர்ன் தொடர் என்று எம்மி விருதும் வாங்கியது.

இப்போது கணக்குக்கு வருவோம். நான் பி.காம். படித்தவன். அதுவும் காஸ்ட் அக்கவுண்டன்சியில் ஒரு முறை அரியர் வைத்துப் படித்தவன். அதனால் யாராவது லாப நஷ்டக் கணக்கை நீட்டினால் எனக்கு இன்றைக்கும் லேசாகக் கை நடுங்கும். ஆனால் படிக்காமல் விடமாட்டேன்.

‘மேவரிக்’கை உருவாக்கியவர் ராய் ஹக்கின்ஸ் என்ற எழுத்தாளர். ஒரு தொடரை உருவாக்கியவருக்கு வாராவாரம் பணம் தர வேண்டும். வார்னர் பிரதர்ஸ் என்ன செய்தது தெரியுமா? அவர் முதலில் எழுதி வைத்திருந்த கதையை ஒதுக்கிவிட்டு, தன்னிடம் ஏற்கெனவே உரிமை இருந்த ஒரு பழைய புத்தகத்திலிருந்து எடுத்த கதையை முதல் எபிசோடாக ஓட்டியது. ஆச்சு. தொடர் புத்தகத்திலிருந்து வந்தது, ஆகவே உருவாக்கியவர் என்று யாரும் கிடையாது, ஆகவே பணமும் கிடையாது. ‘77 சன்செட் ஸ்ட்ரிப்’ என்று அதே ஹக்கின்ஸின் இன்னொரு தொடர். அதற்கு முதல் எபிசோடை ஒரு சினிமா மாதிரி கரீபியன் பக்கம் எங்கோ ஒரு தியேட்டரில் சத்தமில்லாமல் ஓட்டிவிட்டு, தொடர் அந்த சினிமாவிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டார்கள். திரையில் வந்த எந்த வில்லனுக்கும் இந்த மூளை கிடையாது.

அதே கம்பெனியில் ‘செயன்’ என்று இன்னொரு கௌபாய் தொடர். ஹீரோ க்ளின்ட் வாக்கர். ஆறரை அடி ஆள். வெளியூர் விழாக்களுக்குப் போய்ச் சம்பாதிப்பதில் பாதியை கம்பெனிக்குக் கட்ட வேண்டும் என்று அவருக்கு ஷரத்து. மறு ஒளிபரப்புப் பணம், வெளிப்படங்களில் நடிக்கும் உரிமை, எல்லாவற்றிலும் தகராறு. 1958ல் வெளிநடப்பு செய்தார். கம்பெனி கலங்கவில்லை. ‘செயன்’ என்ற தலைப்பை அப்படியே வைத்துக்கொண்டு டை ஹார்டின் என்ற புதுப்பையனைக் குதிரையில் ஏற்றிவிட்டது. 1959ல் வாக்கர் திரும்பி வந்தார். அதாவது, வர வேண்டியிருந்தது. தொப்பி முக்கியம், தலை முக்கியமில்லை என்று மற்ற நடிகர்களுக்குச் சொல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

கார்னர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை அவருடையது.

1960 ஜனவரியில் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. மார்ச் மாதம் வார்னர் பிரதர்ஸ் கார்னரையும், அவருக்கு அண்ணன் தம்பியாக நடித்த ஜாக் கெல்லியையும் சம்பளம் இல்லாமல் நிறுத்தி வைத்தது. காரணம்? எங்கள் கையை மீறிய சூழ்நிலை, ஸ்கிரிப்ட் இல்லை, படப்பிடிப்பு நடத்த முடியாது. கான்ட்ராக்டில் அப்படி ஒரு ஷரத்து இருக்கும். பூகம்பம், போர், வெள்ளம் என்று எழுதி, வேலைநிறுத்தத்தையும் சேர்த்திருப்பார்கள்.

கார்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஸ்கிரிப்ட் நிஜமாகவே இல்லையா?

அங்கேதான் பிடி இருந்தது. அந்த மாதங்களில் வார்னர் தொடர்களின் டைட்டிலைப் பார்த்தவர்களுக்கு ஒரு புது எழுத்தாளரின் பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். டபிள்யூ. ஹெர்மனோஸ். பழைய ஸ்கிரிப்ட்டைக் கொஞ்சம் தட்டிக் கொட்டி வேறு தொடருக்கு மாற்றி இந்தப் பெயரில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஹெர்மனோஸ் என்றால் ஸ்பானிஷ் மொழியில் சகோதரர்கள். டபிள்யூ என்றால் வார்னர். கம்பெனியே தன் பெயரை ஸ்பானிஷில் போட்டுக்கொண்டு எழுத்தாளராகிவிட்டது! ஸ்கிரிப்ட் இல்லாத வறுமையில் வாடியவர்கள் செய்கிற வேலையா இது?

கான்ட்ராக்டை முறித்தது நீங்கள், எனவே நான் விடுதலை என்று கார்னர் கோர்ட்டுக்குப் போனார். முப்பத்திரண்டு வயது. இரண்டு பெண் குழந்தைகள். எதிரில் இருந்தது ஜாக் வார்னர், அதாவது ஊரில் பாதி. தோற்றால் பழைய கம்பெனியிலேயே கைகட்டி நிற்க வேண்டும். ஜெயித்தாலும் வேறு யாராவது கூப்பிடுவார்களா என்பது நிச்சயமில்லை. கம்பெனியோடு வழக்காடியவன் என்ற பெயர் நெற்றியில் ஒட்டிக்கொண்டால் சினிமாக்காரன் எங்கே போவான்? 1960 டிசம்பரில் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி மேல்முறையீடு செய்தது. 1961ல் அங்கேயும் தோற்றது.

இந்தப் பக்கம் வார்னர் பிரதர்ஸ் சும்மா இருந்ததா? ‘மேவரிக்’ குடும்பத்துக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சொந்தக்காரன் வந்துவிட்டான் என்று ரோஜர் மூரைக் கொண்டுவந்தார்கள். ஆம், பின்னாளில் ஜேம்ஸ் பாண்டாக வந்தாரே அவர்தான். அவருக்கே அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டார். அப்புறம் ராபர்ட் கோல்பர்ட் என்பவருக்கு கார்னரின் அதே கோட்டு, அதே தொப்பி. ஊர் சிரித்தது. 1962ல் கடையைச் சாத்தினார்கள். தொப்பி முக்கியம் என்று க்ளின்ட் வாக்கருக்கு நடத்திய பாடம் இந்த முறை அவர்களுக்கே நடந்தது.

கார்னரைக் கூப்பிட்டவர் யார் தெரியுமா? ‘பென்ஹர்’ எடுத்த வில்லியம் வைலர். 1961ல் ‘தி சில்ரன்ஸ் அவர்’. பிறகு ‘தி கிரேட் எஸ்கேப்’. 1964ல் ‘தி அமெரிக்கனைசேஷன் ஆஃப் எமிலி’. தன் படங்களிலேயே தனக்குப் பிடித்தது இதுதான் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1966ல் ‘கிராண்ட் பிரீ’, கார் பந்தயப் படம். காரை அவரே ஓட்டினார். 1967ல் வயட் ஏர்ப்பாக ‘அவர் ஆஃப் தி கன்’. 1969ல் ‘சப்போர்ட் யுவர் லோக்கல் ஷெரிஃப்’, கௌபாய் ஹீரோயிசத்தைக் கௌபாயே கேலி செய்கிற படம். கோர்ட்டுக்குப் போனவன் உருப்படமாட்டான் என்ற ஹாலிவுட் ஜோசியம் பலிக்கவில்லை.

இங்கே கதை முடிந்திருந்தால் சுபம் போட்டுவிட்டு நானும் தூங்கப் போயிருப்பேன். இனிமேல்தான் பெரிய கணக்கு.

1974ல் என்பிசியில் ‘தி ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்’. அதே ராய் ஹக்கின்ஸும் ஸ்டீபன் கேனல் என்பவரும் உருவாக்கியது. துப்பறியும் தொடர்தான், ஆனால் ‘மேவரிக்’ குதிரையை விட்டு இறங்கி கார் ஏறி வந்த மாதிரி ஒரு ஆள். கடற்கரையோரம் ஒரு லொடலொட டிரெய்லர் வண்டியில் குடியிருப்பான். துப்பாக்கியை பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருப்பான். ஃபீஸ் தினம் 200 டாலர், செலவு தனி. அந்த 200 டாலரை ஒழுங்காக யாரும் கொடுக்கமாட்டார்கள் என்பதுதான் தொடர் முழுக்க ஓடும் ஜோக்.

ஆறு சீசன். 120க்கும் மேற்பட்ட எபிசோடுகள். 1977ல் சிறந்த நடிகருக்கான எம்மி. ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் அவர் இருக்க வேண்டும். சண்டைகளில் பெரும்பாலும் அவரே விழுவார். முழங்கால்கள் போயின. முதுகு போயிற்று. ஆபரேஷன் மேல் ஆபரேஷன். 1979ல் வயிற்றுப் புண்ணும் சேர்ந்துகொள்ள, டாக்டர்கள் போதும் என்று சொல்லிவிட்டார்கள். 1980 ஜனவரியோடு தொடர் நின்றது.

தயாரித்தது யுனிவர்சல். கார்னருக்குச் சம்பளம் போக நிகர லாபத்தில் 37.5 சதவிகிதம் என்று கான்ட்ராக்ட். கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு. தொடர் நின்ற பிறகு உள்ளூர் சானல்களில் மறு ஒளிபரப்பு, வெளிநாட்டு விற்பனை என்று ஓடிக்கொண்டே இருந்தது. வருடங்கள் போயின. இவர் பங்கு எங்கே என்று கேட்டால், பங்கு போடுகிற மாதிரி லாபம் வரவில்லையே என்று பதில்.

அது எப்படி ஐயா வராமல் போகும்? இதை நீங்கள் புரிந்துகொண்டே ஆக வேண்டும். பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். படம் 100 ரூபாய் வசூல் செய்கிறது. எடுத்த செலவு 45. விளம்பரம், பிரதி, அனுப்புகிற செலவு 15. சாதாரண மளிகைக் கடைக் கணக்கில் 40 ரூபாய் லாபம்.

ஸ்டுடியோ கணக்கு அப்படிப் போகாது. முதலில் விநியோகக் கட்டணம் என்று வசூலில் ஒரு சதவிகிதம் எடுத்துக்கொள்வார்கள். 35 என்று வைப்போம். விநியோகம் செய்வது யார்? அதே ஸ்டுடியோதான். வலது கை இடது கைக்குக் கொடுக்கும் கமிஷன். மிச்சம் 65. அதில் விளம்பரச் செலவு 15 கழித்தால் 50. எடுத்த செலவு 45ஐக் கழிக்குமுன் அதன் தலையில் நிர்வாகச் செலவு என்று ஒரு 15 சதவிகிதம் ஏற்றுவார்கள். 6 ரூபாய் 75 காசு. ஆக, செலவு 51 ரூபாய் 75 காசு. இப்போதே 1 ரூபாய் 75 காசு நஷ்டம். போட்ட முதலுக்கு வட்டி என்று ஒரு 5 ரூபாய் சேருங்கள். நஷ்டம் 6 ரூபாய் 75 காசு. ஐயோ பாவம், ஸ்டுடியோ!

ஆனால் அந்த 40 ரூபாய் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. கட்டணம், நிர்வாகம், வட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டு அதே கட்டடத்தின் இன்னொரு மாடியில் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஆபீஸ் வாடகையும் குமாஸ்தா சம்பளமும் கொஞ்சம் போகும், ஒப்புக்கொள்கிறேன். அத்தனையுமா போகும்? இந்தக் கடைசி வரியின் பெயர்தான் நிகர லாபம். இதில் நூற்றுக்கு நூறு பங்கு கொடுத்தாலும் பூஜ்யம்தான்.

நான் கற்பனையாகப் போட்ட கணக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1988ல் எடி மர்ஃபி நடித்து ‘கமிங் டு அமெரிக்கா’ என்று ஒரு படம் வந்தது. உலகம் முழுக்க 28 கோடி டாலருக்கு மேல் வசூல். அந்தக் கதை என்னுடையது என்று ஆர்ட் புக்வால்ட் என்ற பத்திரிகையாளர் பாரமவுண்ட் மேல் வழக்குப் போட்டு 1990ல் ஜெயித்தார். சரி, நிகர லாபத்தில் பங்கு கொடுங்கள் என்றால், நிகர லாபமே இல்லையே என்றது ஸ்டுடியோ. நீதிபதிக்கே பொறுக்கவில்லை. இந்த லாபக் கணக்கில் சில ஷரத்துகள் மனசாட்சிக்கு விரோதமானவை என்று தீர்ப்பில் சொன்னார். 1992ல் புக்வால்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர், அவருடைய தயாரிப்பாளருக்கு ஏழரை லட்சம் டாலர் என்று முடிந்தது.

கார்னர் அதற்கு முன்னாலேயே, 1983ல், யுனிவர்சல் மேல் ஒரு கோடியே 65 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்.

இதில் ஒரு தமாஷ் இருக்கிறது. அப்போது யுனிவர்சலின் தாய்க் கம்பெனியான எம்.சி.ஏ.வின் தலைவர் லூ வாஸர்மன். 1950ல் அவர் முதலாளி கிடையாது, நடிகர்களின் ஏஜென்ட். ‘வின்செஸ்டர் 73’ என்ற கௌபாய் படத்துக்கு ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் சம்பளத்தைக் கொடுக்க முடியாமல் ஒரு ஸ்டுடியோ திணறியபோது, சம்பளம் வேண்டாம், லாபத்தில் பங்கு கொடுங்கள் என்று பேசி முடித்தவர் அவர்தான். ஸ்டூவர்ட்டுக்குச் சம்பளத்தைவிடப் பல மடங்கு கிடைத்தது. அந்த ஸ்டுடியோ எது என்கிறீர்கள்? யுனிவர்சல்தான்! நடிகனும் பங்குதாரன் என்பதை ஹாலிவுட் முழுக்கப் பழக்கமாக்கிய மனிதர், மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்ததும் பங்கு கேட்டவன் எதிரியாகிவிட்டான். மேஜை அப்படிப்பட்ட மரத்தால் செய்யப்பட்டது போலிருக்கிறது.

சரி. உங்கள் மனதில் ஓடுவது எனக்குக் கேட்கிறது. மூன்று ஆட்சேபணைகள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

ஒன்று. படிக்காமல் கையெழுத்துப் போட்டது யார் தப்பு? அவர் படித்திருப்பார், வக்கீலும் படித்திருப்பார். விஷயம் அதில்லை. பெரிய ஸ்டுடியோ எல்லாவற்றிலும் நிகர லாபம் என்றால் ஏறக்குறைய ஒரே அர்த்தம்தான். இந்தக் கடை வேண்டாம் என்றால் அடுத்த கடையிலும் அதே படிக்கல். ரொம்ப ரொம்பப் பெரிய நட்சத்திரம்தான் மொத்த வசூலில் பங்கு கேட்டு வாங்க முடியும். மற்றவர்களுக்கு, எடு அல்லது நடையைக் கட்டு. அப்படி வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு. பத்துப் படம் எடுத்தால் ஒன்றிரண்டுதான் ஓடுகிறது, முதலாளி ரிஸ்க் எடுக்கிறான், நடிகனா எடுக்கிறான்? நியாயமான கேள்வி. ரிஸ்க் எடுப்பவனுக்குக் கூடுதல் பங்கு போகட்டும், நான் வாணிபம் படித்தவன், மறுக்கமாட்டேன். அப்படியானால் அதைக் கான்ட்ராக்டிலேயே வெளிப்படையாக எழுதிவிடலாமே. உனக்கு லாபப் பங்கு கிடையாது, சம்பளம் மட்டும்தான் என்று சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். 37.5 என்று எழுதிக் காட்டி, அந்த எண்ணைக் காட்டியே சம்பளத்தில் பேரம் பேசி, கடைசியில் எதனுடைய 37.5 என்பதைத் தானே தீர்மானிப்பது ரிஸ்க் அல்ல. இதற்குத் தமிழில் வேறு வார்த்தைகள் இருக்கின்றன. பத்திரிகையில் எழுத முடியாது.

மூன்று. இதுதான் நம்மில் பலர் நெஞ்சுக்குள் வைத்திருப்பது. அவர் ஒரு கோடீஸ்வரர், அவருக்காக நான் எதற்கு அழ வேண்டும்?

அழ வேண்டாம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்தத் தொடர்களில் வாராவாரம் எழுதியவர்கள், ஓரத்தில் வந்து இரண்டு வசனம் பேசி அடிவாங்கிப் போனவர்கள், இவர்களில் எத்தனை பேரால் ஐந்தாறு வருடம் வக்கீலுக்குக் கட்டணம் கட்டி யுனிவர்சலோடு மல்லுக்கு நின்றிருக்க முடியும்? வழக்குப் போடவே ஒரு வசதி வேண்டியிருக்கிறது. வசதி உள்ளவன் கேட்காவிட்டால் யார்தான் கேட்பது? வசதி இல்லாதவன் கேட்டால் அடுத்த வேலை கிடையாது. வசதி உள்ளவன் கேட்டால் பேராசைக்காரன். ஆக மொத்தம் யாருமே கேட்கக்கூடாது. இந்த ஏற்பாடு யாருக்குச் சௌகரியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வழக்கு என்ன ஆயிற்று? 1989ல், விசாரணைக்குப் போகாமலே சமரசம். தொகை எவ்வளவு என்று வெளியே சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. கார்னர் சிரித்துக்கொண்டு பணத்தை வாங்கிக்கொண்டார்.

எனக்கு அவரிடம் உள்ள ஒரே வருத்தம் இதுதான், சொல்லிவிடுகிறேன். லாபமே இல்லை என்று சொன்ன கம்பெனி எதற்காகப் பணம் கொடுத்தது? அந்தப் பேரேடு கோர்ட்டில் எல்லார் முன்னாலும் விரிந்திருந்தால் அவருக்குப் பின்னால் வந்த எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும். விரியவில்லை. மூடிய பேரேட்டுக்கு மேலே ஒரு பூட்டு, பூட்டுக்கு மேலே அவருடைய கையெழுத்து. அவருக்கு அப்போது 61 வயது. முழங்கால் இல்லை, முதுகு இல்லை, 1988ல் இதய அறுவை சிகிச்சை வேறு. இன்னும் பத்து வருடம் கோர்ட்டுக்கு நட என்று ஈஸிசேரில் உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

ஏன் கிடையாது என்றும் சொல்லிவிடுகிறேன். என் முதல் புத்தகத்தைப் போட்ட பதிப்பாளர் பத்து சதவிகித ராயல்டி என்றார். அருமையான மனிதர். எப்போது போனாலும் டிகிரி காப்பி வரும். புத்தகம் கடைகளில் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ராயல்டி மட்டும் வரவில்லை. மூன்றாவது வருடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “கணக்கா? நமக்குள்ள என்ன சார் கணக்கு?” என்றார். முகத்தில் நிஜமான வலி. நான் காப்பியைக் குடித்துவிட்டு, தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தேன். பி.காம்.!

இரண்டு பக்கம் பேரேடு எழுதப் படித்தவன் ஒரு பக்கத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தேன். தொகை ஒன்றும் பெரிதில்லை, சில ஆயிரங்கள். கேட்டால் உறவு போய்விடும் என்று பயந்தேன். கார்னருக்கு ஹாலிவுட்டே போய்விடும் என்று பயம் இருந்திருக்கும். கேட்டார்.

மறுபடியும் ஒரு விஷயம். 1994ல் ‘மேவரிக்’கை சினிமாவாக எடுத்தார்கள். மெல் கிப்சன் ஹீரோ. கூடவே ஒரு முக்கிய வேடத்துக்கு கார்னரைக் கூப்பிட்டார்கள். எடுத்தது எந்தக் கம்பெனி? முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன் அவரைச் சம்பளமில்லாமல் நிறுத்திவைத்த அதே வார்னர் பிரதர்ஸ். ஜாக் வார்னர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. அதே 1994லிருந்து ‘ராக்ஃபோர்ட்’டையும் டி.வி. படங்களாக மறுபடி எடுத்தார்கள். அதையும் எடுத்தது யுனிவர்சல்தான். கணக்கு கேட்டவனை உலகம் ஒதுக்கிவைத்துவிடும் என்று யார் சொன்னது? 2005ல் திரை நடிகர்கள் சங்கம் அவருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தது. நடிப்புக்காகத்தான் கொடுத்திருப்பார்கள். கணக்குக்கும் சேர்த்து என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

உங்களிடமும் ஒரு காகிதம் இருக்கும். வீட்டுக் கடன் பத்திரம், இன்ஷூரன்ஸ் பாலிசி, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், அண்ணன் தம்பியோடு போட்ட பாகப் பத்திரம், ஏதோ ஒன்று. பீரோவில் துணிக்கு அடியில் கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை எடுங்கள். பொடி எழுத்தில் இருப்பதை மட்டும் படியுங்கள். புரியாத வார்த்தை வந்தால் அடிக்கோடு போட்டுக்கொண்டு திங்கட்கிழமை போய்க் கேளுங்கள்.

அவர்கள் முகத்தில் நிஜமான வலி தெரியும். காப்பியும் வரும். காப்பியைக் குடியுங்கள். கேள்வியை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளாதீர்கள்.